பலுசிஸ்தானில் என்னதான் பிரச்சினை? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

2025 மார்ச் 11 அன்று, பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத் தலைநகர் குவெட்டாவிலிருந்து பெஷாவருக்குப் போன ஜாஃபர் எக்ஸ்பிரஸ் ரயிலை போலான் மலைப்பகுதியில் தண்டவாளத்தைத் தகர்த்து நிறுத்தி, பலூச் ஆயுதக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 400க்கும் மேற்பட்டவர்கள் இருந்த ரயில். ஒரு நாளுக்கு மேல் இழுத்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம், அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், இந்தப் பலுசிஸ்தான் எங்கே இருக்கிறது?

பலூச் மக்கள் வாழும் நிலம் மூன்று நாடுகளில் கிடக்கிறது. பெரும்பகுதி பாகிஸ்தானில், மேற்குப் பகுதி ஈரானில் (சிஸ்தான்-பலுசிஸ்தான் மாகாணம், தலைநகர் சாஹிதான்), கொஞ்சம் ஆப்கானிஸ்தானின் தெற்கில். 1871ல் கோல்ட்ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி ஈரான் பக்கம் ஒரு கோடு போட்டார், 1893ல் டூரண்ட் ஆப்கான் பக்கம் இன்னொரு கோடு போட்டார். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பாகிஸ்தான் மாகாணத்தை மட்டும் எடுத்தால், நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 44 சதவீதம், 3,47,190 சதுர கிலோமீட்டர். ஆனால் 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் மொத்தமோ 24 கோடி. இடம் பாதி, ஆள் பதினாறில் ஒருவர்தான். தேர்தல் அரசியலில் இவர்கள் குரல் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

பிராகுயி பேசுபவர்கள் நம் ஆட்கள் என்கிறார்களே, உண்மையா?

மொழி அளவில் உண்மை. பலுச்சி மொழி பாரசீகத்தின் உறவு. ஆனால் கலாத், குஸ்தார் பக்கம் பேசும் பிராகுயி திராவிட மொழி. ஒன்று, இரண்டு, மூன்று என்பதை அசிட், இரட், முசிட் என்று எண்ணுவார்கள். நான்குக்குப் போனால் ‘சார்’ என்று பாரசீகப் பக்கம் தாவிவிடும். டெனிஸ் பிரே என்ற ஆங்கிலேய அதிகாரி 1909லேயே இதன் இலக்கணத்தை எழுதி வெளியிட்டுவிட்டார்.

அதற்காக வாட்ஸ்அப்பில் வருவதுபோல ‘தொலைந்துபோன தமிழர்கள் தனிநாடு கேட்கிறார்கள்’ என்று கிளம்பிவிட வேண்டாம். பிராகுயி பேசுபவர்கள் பெரும்பாலும் தங்களைப் பலூச் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கலாத்தை ஆண்ட கான் வம்சமே பிராகுயி வழி வந்ததுதான், மெங்கல் போன்ற பெரிய குலங்களில் பேச்சுமொழியும் பிராகுயிதான். வீட்டில் எந்த மொழி என்பதை வைத்து அங்கே பிளவு இல்லை.

சண்டை எப்போது தொடங்கியது?

1948ல். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னே போகாமல் புரியாது.

கலாத் என்பது பதினேழாம் நூற்றாண்டில் உருவான ஒரு கான் ஆட்சி. 1839ல் ஆங்கிலேயர்கள் படையெடுத்து அப்போதைய கான் மெஹ்ராப் கானைக் கொன்றார்கள். பிறகு ராபர்ட் சாண்டமன் என்ற அதிகாரி வந்து, சண்டையைவிட சம்பளம் மலிவு என்று கண்டுபிடித்தார். குலத் தலைவர்களான சர்தார்களுக்கு நேரடியாகப் பணம் கொடு, அவர்கள் தங்கள் ஆட்களை அடக்கி வைத்துக்கொள்ளட்டும், உள்விவகாரத்தில் கைவைக்காதே. அவ்வளவுதான் திட்டம். 1876ல் கானோடு ஒப்பந்தமும் ஆனது. இந்த ஏற்பாட்டில் கான் பலவீனமானார், சர்தார்கள் கொழுத்தார்கள், பள்ளிக்கூடமும் சாலையும் ராணுவத்துக்குத் தேவையான இடத்தோடு நின்றுவிட்டன. 1947க்குப் பிறகு வந்த ஆட்சிகளும் இதே சாவியைத்தான் எடுத்துத் திருப்பிப் பார்த்தன.

ஆங்கிலேயர் கிளம்பும்போது கான் மீர் அகமது யார் கான் ஒரு வாதம் வைத்தார்: ஹைதராபாத், மைசூர் மாதிரி நாங்கள் இந்திய சமஸ்தானம் அல்ல, நேபாளம் மாதிரி எங்களுக்கு லண்டனோடு நேரடி ஒப்பந்தம், எனவே நீங்கள் போனால் நாங்கள் சுதந்திர நாடு. இதில் ஒரு வேடிக்கை, அவருக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவரே முகமது அலி ஜின்னாதான். 1947 ஆகஸ்ட் 11 அன்று வெளியான அறிவிப்பில் கலாத் தனி இறையாண்மை உள்ள நாடு என்று பாகிஸ்தான் தரப்பும் ஒப்புக்கொண்டது. சில நாளில் கான் சுதந்திரம் அறிவித்தார். ஏழரை மாதம்கூட நிற்கவில்லை.

அப்படியானால் கட்டாயப்படுத்தித்தான் சேர்த்தார்களா?

பாகிஸ்தானில் கேட்டால் கான் தன் கையால் கையெழுத்துப் போட்டார் என்பார்கள். போட்டார்தான். ஆனால் எந்தச் சூழ்நிலையில் என்பதைப் பாருங்கள்.

கலாத்துக்கு இரண்டு அவைகள் இருந்தன. இரண்டுமே இணைப்பு வேண்டாம் என்றன. 1947 டிசம்பரில் கீழவையில் கௌஸ் பக்‌ஷ் பிசெஞ்சோ என்ற உறுப்பினர் பேசியது இன்றுவரை பலூச் அரசியலின் அரிச்சுவடி. முஸ்லிம் என்பதாலேயே பாகிஸ்தானோடு சேர வேண்டும் என்றால் ஈரானும் ஆப்கானிஸ்தானும்கூடத்தான் சேர வேண்டும் என்பது அவர் கேள்வியின் சாரம். 1948 மார்ச் நடுவில் கலாத்தின் கீழ் இருந்ததாகக் கான் சொல்லிவந்த கரான், லஸ்பேலா, மக்ரான் மூன்றையும் பாகிஸ்தான் தனித்தனியாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கலாத்துக்குக் கடலும் போயிற்று, எல்லையும் போயிற்று. மார்ச் 27 அன்று, கலாத் இந்தியாவோடு சேரக் கேட்டது, நாங்கள் மறுத்தோம் என்று இந்திய சமஸ்தானத் துறைச் செயலாளர் வி.பி. மேனன் சொன்னதாக அகில இந்திய வானொலி ஒரு செய்தி வாசித்தது. மேனன் அப்படிச் சொல்லவில்லை என்று நேரு பிறகு மறுத்தார். ஆனால் கான் பதறிப்போய் அன்றே இணைப்புக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

அவருடைய தம்பி அப்துல் கரீம் அதை ஏற்கவில்லை. ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆப்கானிஸ்தான் போனார், உதவி கிடைக்காமல் சில வாரங்களில் திரும்பினார், பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அதுதான் முதல் எழுச்சி. படை அளவில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு வழி திறந்துவிட்டது.

ஐந்து முறை போர் என்கிறார்களே?

1948, 1958-59, 1963-69, 1973-77, பிறகு 2000களில் தொடங்கி இன்னும் முடியாத ஒன்று.

இரண்டாவதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1955ல் மேற்குப் பாகிஸ்தான் மாகாணங்களையெல்லாம் ‘ஒரே அலகு’ என்று ஒன்றாக்கினார்கள், கலாத் வரைபடத்திலிருந்தே மறைந்தது. 1958 அக்டோபரில் கானைக் கைது செய்தார்கள். நவாப் நவ்ரோஸ் கான் என்ற முதியவர் துப்பாக்கியோடு மலையேறிவிட்டார். குர்ஆன் மேல் சத்தியம் செய்து பொதுமன்னிப்பு என்று சொல்லித்தான் அவரைக் கீழே இறக்கினார்கள் என்பது பலூச்கள் அனைவரும் சொல்லும் கதை. அரசுத் தரப்பு அப்படி வாக்குக் கொடுக்கவில்லை என்கிறது. இறங்கி வந்ததும் கைது, 1960ல் அவர் மகனையும் கூட்டாளிகளையும் தூக்கில் போட்டார்கள், கிழவர் சிறையிலேயே செத்தார். பேச்சுவார்த்தைக்கு வா என்று எந்த அரசு கூப்பிட்டாலும் ‘நவ்ரோஸ் கானைக் கூப்பிட்ட மாதிரியா?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொரு சண்டையும் முந்தைய சண்டை முடிந்த விதத்திலிருந்துதான் முளைக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது, மர்ரி குலத்தைச் சேர்ந்த ஷேர் முகமது மர்ரி நடத்திய கெரில்லாச் சண்டை. இடதுசாரி வாடை அடிப்பதால் அவரை ‘ஜெனரல் ஷெரோஃப்’ என்பார்கள். 1970ல் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் ஒரே அலகைக் கலைத்து பலுசிஸ்தானைத் தனி மாகாணம் ஆக்கினார்.

1970களில் ஏன் அவ்வளவு பெரிதாக வெடித்தது?

ஜனநாயகம் முதல்முறையாக வாசலுக்கு வந்து திரும்பிப் போனதால். 1970 தேர்தலுக்குப் பிறகு தேசிய அவாமி கட்சி மாகாண ஆட்சியைப் பிடித்தது, 1972ல் அதாவுல்லா மெங்கல் முதல்வர், பிசெஞ்சோ ஆளுநர். ஆமாம், 1947ல் அந்தக் கேள்வி கேட்ட அதே பிசெஞ்சோ, பாகிஸ்தான் அரசியல் சட்டத்துக்குள் வேலை செய்யச் சம்மதித்து வந்தார். பத்து மாதம்கூட ஆகவில்லை, 1973 பிப்ரவரியில் இஸ்லாமாபாத் ஈராக் தூதரகத்தில் ஆயுதக் குவியல் கண்டுபிடிக்கப்பட்டது. அது பலூச்களுக்கு வந்தது என்று சொல்லி, அப்போது பாகிஸ்தானை ஆண்ட பூட்டோ அந்த மாகாண ஆட்சியைக் கலைத்தார். வங்கதேசம் பிரிந்து போய் இரண்டு வருடம்கூட ஆகாத நேரம், அந்தப் பயம் வேறு.

சண்டை நான்கு வருடம் நடந்தது. ஆயிரக்கணக்கான போராளிகள், 80,000 அளவில் ராணுவம். தன் நாட்டு பலூச்களுக்கும் இது தொற்றிவிடும் என்று பயந்த ஈரான் ஷா, கோப்ரா ஹெலிகாப்டர்களை அனுப்பினார். 1974ல் சமாலங் பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு மேய்ச்சலுக்கு வந்திருந்த மர்ரிகள் மேல் விழுந்த அடியோடு போராளிகளின் முதுகெலும்பு முறிந்தது. லாகூர், கராச்சியைச் சேர்ந்த வசதியான வீட்டுப் பையன்கள் சிலர்கூட, லண்டனில் மார்க்சியம் படித்துவிட்டு, நேராக இந்த மலைக்கு வந்து பலூச்களோடு சேர்ந்து நின்றார்கள். பூட்டோவைக் கவிழ்த்த ஜியா-உல்-ஹக், தலைவர்களைச் சிறையிலிருந்து விட்டு, படையையும் பின்வாங்கினார். பலர் ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள், மர்ரி குலத் தலைவர் கைர் பக்‌ஷ் மர்ரி 1992ல்தான் திரும்பி வந்தார்.

எரிவாயு விவகாரம் என்ன?

தேரா புக்டி மாவட்டத்தில் சுய் என்று ஒரு ஊர். 1952ல் அங்கே பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. பாகிஸ்தானில் இன்றும் வீட்டு அடுப்பு எரிவாயுவுக்கே ‘சுய் கேஸ்’ என்றுதான் பெயர். 1955லேயே குழாய் கராச்சி போய்விட்டது, பிறகு பஞ்சாப் தொழிற்சாலைகளுக்கு. மாகாணத்தின் சொந்தத் தலைநகர் குவெட்டாவுக்கு வந்து சேர்ந்தது 1980களில். தேரா புக்டியில் விறகு எரிக்கும் வீடுகள் இப்போதும் உண்டு. விலையிலும் ஓரவஞ்சனை: சிந்து, பஞ்சாப் கிணறுகளின் எரிவாயுவுக்குக் கொடுத்த விலை சுய் எரிவாயுவுக்குக் கொடுக்கப்படவில்லை, அதனால் மாகாணத்துக்கு வந்த உரிமத்தொகையும் குறைவு. 2010க்குப் பிறகு நிதிப் பங்கீட்டில் 9.09 சதவீதம் என்று கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். அதற்குள் வயல் வற்றத் தொடங்கியிருந்தது.

அக்பர் புக்டி யார், அவர் சாவு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

சுய் இருக்கும் நிலத்தின் நவாப். பிரிவினைவாதியே அல்ல. 1973ல் மெங்கல் ஆட்சியைக் கலைத்த பூட்டோவோடு நின்று ஆளுநர் பதவி வாங்கியவர், பின்னால் முதல்வராகவும் இருந்தார். சொந்தக் குலத்துக்குள் எதிர்த்தவர்களை விரட்டியவர். அவரைத் தியாகியாகக் கொண்டாடும் பதிவுகளில் இந்தப் பகுதியைக் காணவே முடியாது.

2005 ஜனவரியில் சுய்யில் இருந்த ஒரு பெண் மருத்துவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். ஒரு ராணுவ அதிகாரி மீது பழி விழுந்தது, விசாரணை முடியும் முன்பே அவர் குற்றமற்றவர் என்று அப்போதைய அதிபர் முஷாரஃப் சொன்னார். தன் மண்ணில், தன் விருந்தாளியாக இருந்த பெண்ணுக்கு நேர்ந்த அவமானம் என்று புக்டி எடுத்துக்கொண்டார். சண்டை மூண்டது. 80 வயதை நெருங்கிய மனிதர் ஒட்டகத்தில் மலைக்குப் போனார், 2006 ஆகஸ்ட் 26 அன்று கோலு பக்கம் ஒரு குகையில் ராணுவ நடவடிக்கையின்போது செத்தார். பூட்டுப் போட்ட சவப்பெட்டியில் கொண்டுவந்து, குடும்பத்தார் இல்லாமலே புதைத்தார்கள். உயிரோடு இருந்தவரை பாதி பலூச்களுக்கு அவரைப் பிடிக்காது, அந்தப் பூட்டு எல்லோரையும் ஒன்று சேர்த்துவிட்டது.

இது சர்தார்கள் தங்கள் பதவியைக் காப்பாற்றச் செய்யும் வேலை என்கிறார்களே?

முஷாரஃப் காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள்: மூன்று சர்தார்கள்தான் பிரச்சினை, மற்றவர்கள் நம் பக்கம். அப்போதே அரைகுறை உண்மை, இப்போது சுத்தமாகப் பொருந்தாது. அரசை ஆதரித்து சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் சர்தார்களும் நவாப்களும் எத்தனையோ பேர்.

சண்டையின் மையம் மர்ரி, புக்டி மலைகளிலிருந்து தெற்கே மக்ரான் பக்கம் நகர்ந்துவிட்டது. துர்பத், பஞ்ச்கூர், ஆவாரான். மக்ரானில் சர்தார் முறையே வலுவாக இருந்ததில்லை, படித்தவர்கள் அதிகம். பலூச் விடுதலை முன்னணியின் அல்லாஹ் நசர் ஒரு மருத்துவர், எந்தச் சர்தார் வீட்டுப் பிள்ளையும் அல்ல. மாணவர் அரசியலில் இருந்தவர், 2005ல் பிடித்துச் செல்லப்பட்டு, வெளியே வந்தபின் மலைக்குப் போனார். இந்த வரிசையில்தான் இன்றைய போராளிகளில் பெரும்பாலோர் வருகிறார்கள். அவர்களைச் ‘சர்மச்சார்’ என்பார்கள், தலையைப் பணயம் வைத்தவர் என்று பொருள்.

பிஎல்ஏ என்பது?

பலூச் விடுதலைப் படை. 2000 வாக்கில் தலைகாட்டியது. 2006ல் பாகிஸ்தான் தடை செய்தது, 2019ல் அமெரிக்காவும் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. தொடக்கத்தில் மர்ரி குடும்பத்தின் செல்வாக்கு. பாலாச் மர்ரி 2007ல் செத்தார், அவர் அண்ணன் தம்பிகளில் ஹைர்பியார் லண்டனில் இருக்கிறார். பிறகு அஸ்லம் பலூச் பிரிந்து தனியாக இயக்க, அவர் 2018ல் கந்தஹாரில் கொல்லப்பட்டபின் பஷீர் ஜேப் தலைமைக்கு வந்தார். ரயிலைப் பிடித்தது இந்தப் பிரிவு.

தற்கொலைத் தாக்குதலுக்கு மஜீத் பிரிகேட் என்று தனிப்படை. 1974ல் பூட்டோவைக் கொல்லப் போய்க் கையெறி குண்டு வெடித்துச் செத்த மஜீத் லாங்கோவ் பெயர் அது. 2022 ஏப்ரலில் கராச்சிப் பல்கலைக்கழகத்தில் மூன்று சீன ஆசிரியர்களையும் ஓட்டுநரையும் கொன்ற ஷாரி பலூச், விலங்கியல் முதுகலை படித்த ஆசிரியை, இரண்டு குழந்தைகளின் தாய்.

சீனர்கள் மேல் ஏன் கோபம்?

குவாதர். 1958 வரை அது ஓமான் சுல்தானிடம் இருந்த மீனவர் ஊர், பாகிஸ்தான் விலைக்கு வாங்கியது. 2013ல் துறைமுகத்தை நடத்தும் பொறுப்பு சீன நிறுவனத்துக்குப் போனது, 2015ல் 46 பில்லியன் டாலர் சீன-பாகிஸ்தான் பொருளாதார வழித்தடம் அறிவித்தார்கள். துறைமுக வருவாயில் நூற்றுக்கு 91 பங்கு சீன நிறுவனத்துக்கு, 9 பங்கு இஸ்லாமாபாத்துக்கு, மாகாணத்துக்குக் கை நீட்ட இடமில்லை. ஊரில் குடிதண்ணீர் தட்டுப்பாடு, கடலில் வெளியூர் இழுவைப் படகுகள் மீனை வாரிக்கொண்டு போகின்றன. 2021ல் மௌலானா ஹிதாயத்துர் ரஹ்மான் தலைமையில் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்த போராட்டத்தில் கேட்டது தனிநாடு அல்ல, தண்ணீர், மீன், சோதனைச் சாவடிக் கெடுபிடி குறைப்பு. இதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

‘காணாமல் போனவர்கள்’ என்றால்?

போனவர்கள் அல்ல, ஆக்கப்பட்டவர்கள். ஈழத்துத் தாய்மார்களால் தமிழுக்கு வந்துசேர்ந்த அந்தச் சொல்லைத்தான் இங்கேயும் போட வேண்டும். மாணவன், ஆசிரியர், பத்திரிகைக்காரர் என்று யாரையாவது வண்டியில் ஏற்றிப் போவார்கள், வழக்கு இருக்காது, நீதிமன்றம் இருக்காது. சிலர் மாதங்கள் கழித்துத் திரும்புவார்கள், சிலருடைய உடல் சாலையோரம் கிடக்கும். எண்ணிக்கையில் குடும்பங்கள் சொல்வதும் அரசு சொல்வதும் மலைக்கும் மடுவுக்கும். அரசு, பலர் மலையேறிப் போராளிகள் ஆகிவிட்டார்கள் என்கிறது. சிலர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கிறது, மற்றவர்களுக்கு அது பதில் ஆகாது.

மகனைப் பறிகொடுத்த மாமா கதீர் என்ற பெரியவர், 2013ல் குவெட்டாவிலிருந்து கராச்சி வழியாக இஸ்லாமாபாத் வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனார். கூட வந்தவர்கள் பெண்களும் சிறுவர்களும். அரசு ஒரே வரியில் ஆணை போட்டு நிறுத்தக்கூடிய விஷயம் இது ஒன்றுதான். அதை மட்டும் செய்வதில்லை.

பிஎல்ஏ அப்பாவிகளைக் கொல்வதில்லையா?

கொல்கிறது. மழுப்ப ஒன்றுமில்லை. 2024 ஆகஸ்ட் 26, புக்டி நினைவு நாள், மூசாகேல் மாவட்டத்தில் பஸ், லாரிகளை நிறுத்தி அடையாள அட்டையைப் பார்த்து, பெரும்பாலும் பஞ்சாபிகளான 23 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கூலி வேலைக்கு வந்தவர்கள், லாரி ஓட்டுபவர்கள். 2000களின் பின்பாதியிலேயே குவெட்டாவில் தலைமுறைகளாக இருந்த பஞ்சாபி ஆசிரியர்களைச் சுட்டு விரட்டினார்கள், அதனால் கெட்டது பலூச் பிள்ளைகளின் படிப்புதான். ராணுவம் செய்தது இதற்கு நியாயம் ஆகாது.

இந்தியாதான் பின்னால் இருக்கிறதா?

பாகிஸ்தான் அப்படித்தான் சொல்கிறது, இந்தியா மறுக்கிறது. 2016 மார்ச்சில் குல்பூஷன் ஜாதவைப் பிடித்ததைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, ஈரானிலிருந்து கடத்தப்பட்டவர் என்பது இந்தியா சொல்வது. அதே வருடம் சுதந்திர தின உரையில் மோடி பலுசிஸ்தான் பெயரைச் சொன்னதும் எரியும் நெருப்பில் எண்ணெய் ஆனது. வெளியிலிருந்து பணமும் ஆயுதமும் வந்தால் சண்டை நீளும், சரி. ஆனால் 1948ல் கரீமை மலையேற்றியதோ, சவப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டதோ டெல்லி அல்ல.

ஈரான் பக்கம்?

அங்கே கதை வேறு. 1928ல் ரெசா ஷா படை அனுப்பிப் பிடித்தார். ஷியா அரசின் கீழ் சன்னி பலூச்கள் என்பதால் அங்கே மதமும் கலந்துவிட்டது. முதலில் ஜுந்துல்லா என்ற ஆயுதக் குழு, அதன் தலைவர் அப்துல் மாலிக் ரிகி 2010ல் தூக்கிலிடப்பட்டபின் ஜெய்ஷ் அல்-அத்ல். பாகிஸ்தான் பக்கத்து இயக்கங்கள் பெரும்பாலும் மதச்சார்பற்றவை. 2024 ஜனவரியில் ஈரான் பஞ்ச்கூர் மேலும், இரண்டே நாளில் பாகிஸ்தான் ஈரானின் சரவான் மேலும் ஏவுகணை வீசின. இரண்டு பக்கமும் பிணமாகக் கிடந்ததில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. எல்லோரும் பலூச்கள்.

தனிநாடு கிடைத்துவிடுமா?

இப்போதைக்கு எனக்கு அப்படித் தெரியவில்லை. மாகாணத்தின் வடக்கில் பஷ்தூன்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பது வேறு. குவெட்டாவில் ஹசாராக்கள் என்ற ஷியா சிறுபான்மையினர் தனிக் கவலையோடு இருக்கிறார்கள். லட்சக்கணக்கான பலூச்கள் கராச்சியிலும் சிந்திலும் வாழ்கிறார்கள். ஈரானும் சீனாவும் எல்லை மாறுவதை விடாது. ராணுவத்தால் சண்டையை முடிக்கவும் முடியவில்லை, போராளிகளால் ஒரு ஊரை நிலையாகக் கையில் வைத்திருக்கவும் முடியவில்லை.

அப்புறம் யாரைத்தான் கவனிப்பது?

மாஹ்ரங் பலூச்சை. குவெட்டாவில் மருத்துவர். அப்பா பிடித்துச் செல்லப்பட்டு 2011ல் பிணமாகக் கிடைத்தார். 2023 டிசம்பரில், துர்பத்தில் காவலில் இருந்த ஓர் இளைஞர் கொல்லப்பட்டதைக் கண்டித்து, அங்கிருந்து இஸ்லாமாபாத் வரை பெண்களைத் திரட்டிக்கொண்டு போனார், நடுங்கும் குளிரில் போலீஸ் தண்ணீர் பீய்ச்சியடித்தது. கையில் ஆயுதம் இல்லை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் புகைப்படங்கள்தான். ரயில் சம்பவம் நடந்த பதினோராவது நாள், 2025 மார்ச் 22 அன்று, குவெட்டாவில் அவரைக் கைது செய்தார்கள்.